வேறு நாட்டில் எடுத்த தத்து, வசிக்கும் நாட்டில் செல்லுமா?

தத்து ஆணை கைக்கு வந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குழந்தை கையில், ஆணை பையில், அப்புறம் என்ன? ஆனால் ஒரு நாட்டு ஆணை தானாகச் செல்லுபடியாவது அந்த நாட்டுக்குள் மட்டும்தான். அடுத்த நாடு அதை ஏற்குமா, எந்த அளவுக்கு ஏற்கும் என்பதை அந்த அடுத்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். இதில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோரின் ஆணையில் குறை எதுவும் இருக்காது. எந்த நாட்டு அனுமதியை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது என்ற வரிசையில்தான் தவறியிருப்பார்கள். ஆகவே இன்னும் தத்தெடுக்காதவர்கள் முதல் படியிலிருந்து படியுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் மூன்றாம் படிக்குப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

நான்கு கேள்விகள், நான்கு அலுவலகங்கள்

வெளிநாட்டுத் தத்தை அங்கீகரிப்பது என்று பொதுவாகச் சொல்வதற்குள் நான்கு வேலைகள் அடங்கியிருக்கின்றன. சட்டப்படி நீங்கள் இந்தக் குழந்தையின் பெற்றோரா என்பது ஒன்று. குழந்தை நாட்டுக்குள் வரலாமா என்பது இரண்டாவது. குழந்தைக்குக் குடியுரிமை உண்டா என்பது மூன்றாவது. உள்ளூர்ப் பிறப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுமா என்பது நான்காவது. ஒன்றுக்கு 'ஆம்' கிடைத்தால் மற்ற மூன்றுக்கும் கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் வரும் குழப்பம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரசு ஒரு நாடுகளின் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள நாட்டில் முறையாக எடுத்த தத்தைச் சட்டம் ஏற்கும், நீங்கள்தான் பெற்றோர். ஆனால் அதை வைத்துக் குழந்தை தானாகப் பிரிட்டிஷ் குடிமகனாகிவிடாது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின் கீழ் (இதைப் பற்றி முதல் படியில் பார்ப்போம்) நடந்த தத்தாக இருந்து, தத்தெடுத்தவர் பிரிட்டிஷ் குடிமகனாகவும் வழக்கமாக அங்கே வசிப்பவராகவும் இருந்தால்தான் குடியுரிமை தானாக வரும். மற்றவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆக, முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் கிடைத்த வீட்டிலேயே மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் இருக்கலாம்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்த நான்கில் எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். 'எங்கள் தத்து செல்லுமா?' என்று மொட்டையாகக் கேட்டால், அந்த மேசைக்காரர் தன் வேலைக்கு உட்பட்ட பதிலைத்தான் சொல்வார்.

முதல் படி: உங்கள் தத்து எந்த வகை?

இங்கே பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஒப்பந்தம்: 1993 மே 29 அன்று உருவாகி, 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. இந்தியாவில் 2003 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜப்பான் போலச் சில பெரிய நாடுகள் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. இரண்டு நாடுகளும் உள்ளே இருந்தால் ஒரு வழி. ஒன்று வெளியே இருந்தாலும் வேறு வழி.

அப்புறம், இந்த உடன்படிக்கை பார்ப்பது குடியுரிமையை அல்ல, வழக்கமாக வசிக்கும் இடத்தை. குழந்தை ஒரு உறுப்பு நாட்டில் வசித்து, நீங்கள் இன்னொரு உறுப்பு நாட்டில் வசித்து, தத்தின் பேரில் குழந்தை அங்கிருந்து இங்கே வந்தால்தான் அது பொருந்தும். நீங்களும் குழந்தையும் ஒரே ஊரில் வசித்து, அந்த ஊர் நீதிமன்றத்தில் தத்தெடுத்து, வருடங்கள் கழித்து வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால், அது பெரும்பாலும் உள்நாட்டுத் தத்துதான். அதற்கு அங்கீகாரம் வாங்கும் பாதை வேறு.

வேலைக்காக வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. உதாரணமாக ஆஸ்திரேலியாவில், வெளிநாட்டில் வசித்தபோது தானே தத்தெடுத்தவர் குழந்தைக்குத் தத்து விசா கேட்டால், விண்ணப்பத்துக்கு முன் குறைந்தது 12 மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும். அந்த வாசம் தத்தெடுப்பதற்காகவே போட்ட ஏற்பாடாக இருக்கக் கூடாது. எனவே வீட்டு வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, வேலைக் கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கே வசித்தோம் என்பதை நிரூபிக்க வேண்டிய நாள் வரும்.

இரண்டாம் படி: வசிக்கும் நாட்டின் சம்மதம் முதலில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஹேக் முறையில் விண்ணப்பம் தொடங்குவது குழந்தை இருக்கும் நாட்டில் இல்லை, நீங்கள் வசிக்கும் நாட்டில். அங்குள்ள மத்திய அதிகார அமைப்பிடம், அதாவது இந்த உடன்படிக்கை வேலைகளுக்காக அந்த நாடு நியமித்த அமைப்பிடம், பதிவு செய்ய வேண்டும். அவர்கள் உங்கள் வீடு, உடல்நலம், வருமானம், பின்னணி எல்லாம் விசாரித்து இல்ல ஆய்வு அறிக்கை தயாரித்து, குழந்தை இருக்கும் நாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து குழந்தையைப் பற்றிய அறிக்கை இங்கே வரும். தத்து தொடரலாம் என்று இரு நாட்டு அமைப்புகளும் ஒப்புக்கொண்ட பிறகுதான் குழந்தையை உங்களிடம் ஒப்படைக்கலாம். உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு சொல்வது இதுதான். பெற்ற தாயின் சம்மதம்கூட, குழந்தை பிறந்த பிறகு கொடுத்ததாக இருந்தால்தான் செல்லும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் வசிக்கும் குடிமகன் ஒருவர், ஹேக் நாட்டிலிருந்து குழந்தையை அழைத்து வர ஐ-800 என்ற மனு போட வேண்டும். அந்த மனுவுக்குத் தற்காலிக ஒப்புதல் வருவதற்கு முன்பே அங்கே தத்து ஆணை வாங்கிவிட்டால், மனு நிராகரிக்கப்படும். அந்தத் தத்தை ரத்து செய்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வரச் சொல்லும் அளவுக்கு விதி கறாரானது. பிரிட்டனில் வழக்கமாக வசிப்பவர், கடந்த 12 மாதங்களுக்குள் வெளிநாட்டில் ஹேக் முறைக்கு வெளியே தத்தெடுத்த குழந்தையை, விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றாமல் உள்ளே அழைத்து வந்தால் அது குற்றம். ஜெர்மனி 2021 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியாக வராத வெளிநாட்டுத் தத்தையே தடுத்துவிட்டது. அப்படி எடுத்ததைக் குழந்தையின் நலனுக்கு அவசியம் என்றால் மட்டுமே நீதிமன்றம் ஏற்கும். நல்ல மனதோடு செய்தோம் என்று சொல்லி இவற்றிலிருந்து தப்ப முடியாது.

இதில் அதிகம் சிக்குவது சொந்தக்காரக் குழந்தையைத் தத்தெடுப்பவர்கள். தங்கை மகன்தானே, நம் வீட்டுப் பிள்ளைதானே, இதற்கு என்ன அனுமதி என்று தோன்றும். அதனால் ஒரு விடுமுறைக்குள் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, விசாவுக்குப் போய் நிற்கிறார்கள். இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி, நீதிமன்ற ஆணை இல்லாமலே தத்து நடக்கலாம். பதிவு செய்த பத்திரத்தைச் சட்டம் ஆதாரமாகவும் ஏற்கும். இந்தியாவுக்குள் அது முழுமையான தத்து. ஆனால் அதிகாரம் பெற்ற ஒரு அரசு அமைப்பின் முடிவுதான் வேண்டும் என்று கேட்கும் நாட்டில், இருவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் எடுபடாது.

இந்திய நடைமுறையிலேயே இதற்கு நேர்வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிக்கும் உறவினர் தத்தெடுப்பதற்கென்றே வந்தது. உறவினர் என்று சட்டம் சொல்வது அப்பாவின் கூடப்பிறந்தவர்கள், அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், இரு பக்கத் தாத்தா பாட்டி ஆகியோரைத்தான். தூரத்துச் சொந்தம் இதில் சேராது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை போடுவது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர். காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ் தரும். இந்து சட்டப்படி தத்தெடுத்தவர்கள் குழந்தையை வெளிநாடு அழைத்துச் செல்வதற்கும் 2021-இல் ஒரு நடைமுறை கொண்டுவந்தார்கள். எந்த வழியில் போனாலும், நீங்கள் வசிக்கும் நாட்டின் சம்மதக் கடிதம் இல்லாமல் வண்டி நகராது.

மூன்றாம் படி: 23-ஆம் பிரிவுச் சான்றிதழ்

ஹேக் முறையில் முறையாக முடிந்த தத்துக்கு, ஆணை போட்ட நாட்டின் அதிகார அமைப்பு ஒரு சான்றிதழ் தரும். இணக்கச் சான்றிதழ் என்றும் சொல்வார்கள். இந்தியாவில் காரா தருகிறது. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவுப்படி, இது கையில் இருந்தால் மற்ற எல்லா உறுப்பு நாடுகளும் அந்தத் தத்தைத் தானாக ஏற்க வேண்டும். தனி வழக்கு கிடையாது, மறுபடி தத்தெடுக்க வேண்டியதும் கிடையாது. மறுக்கலாம் என்றால் ஒரே காரணம்தான்: குழந்தையின் நலனையும் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும், அந்த நாட்டின் பொதுக் கொள்கைக்கு அது வெளிப்படையாக விரோதமாக இருக்க வேண்டும்.

சான்றிதழை வாங்கிய மேசையிலேயே நின்று படியுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், 17-ஆம் பிரிவின் கீழ் இரு நாட்டு அமைப்புகளும் ஒப்புதல் தந்தது எந்தத் தேதியில், யார் தந்தது என்று எழுதியிருக்க வேண்டும். உடன்படிக்கையே கேட்கும் விவரம் இது. இல்லாவிட்டால் சான்றிதழ் முழுமையாகாது. அடுத்து, பெற்ற பெற்றோருடனான சட்ட உறவு இந்தத் தத்தால் முடிந்துவிட்டதா, இல்லையா என்ற வரி. மாதிரிப் படிவத்தில் இரண்டு கட்டங்களில் ஒன்றைக் குறிக்கச் சொல்லியிருப்பார்கள். தப்பான கட்டத்தில் குறி விழுந்தால், உங்கள் முழுத் தத்து இன்னொரு நாட்டில் அரைத் தத்தாகப் படிக்கப்படும். மூன்றாவது, பெயர்கள். ஆணையில் இன்ஷியலோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கும். குழந்தையின் பழைய பெயர் ஒரு தாளிலும் புதுப்பெயர் மறு தாளிலும் இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு இதைத் திருத்துவதற்கும், அங்கேயே திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

அப்போஸ்டில் பற்றி ஒரு வார்த்தை. 1961-ஆம் ஆண்டின் இன்னொரு ஹேக் உடன்படிக்கையில் வந்தது இது. சதுரமான முத்திரைத் தாள். கையெழுத்தும் சீலும் உண்மையானவை, கையெழுத்துப் போட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர் என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரி என்றோ, தத்து செல்லும் என்றோ சொல்லவில்லை. 'அப்போஸ்டில் போட்டாச்சு, இனி எங்கும் செல்லும்' என்று சொல்லும் முகவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இரண்டில் ஒரு நாடு அந்த உடன்படிக்கையில் இல்லை என்றால் அப்போஸ்டிலும் உதவாது. தூதரகம் வழியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, வாங்கப்போகும் நாடு ஏற்கும் மொழிபெயர்ப்பாளர் யார் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை பணம் கட்டுவீர்கள்.

நான்காம் படி: சான்றிதழ் இல்லாதவர்கள்

உறுப்பு நாடு அல்லாத இடத்தில் நடந்த தத்து, உள்நாட்டுத் தத்தாக நடந்து பிறகு குடிபெயர்ந்தது, உடன்படிக்கை வருவதற்கு முந்தையது. இவை எல்லாம் இந்தப் பகுதியில்தான் வரும். பொதுவாக மூன்று வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, பட்டியல். அரசு அறிவித்த நாடுகளின் ஆணையைச் சட்டமே ஏற்கும். பிரிட்டனில் இது இப்படித்தான். ஆனால் அங்கே 2014 ஜனவரி 3-க்கு முந்தைய தத்துக்கு ஒரு பட்டியல், அதற்குப் பிந்தையதற்கு வேறு பட்டியல். உங்கள் ஆணையின் தேதியை வைத்துப் பாருங்கள், இன்றைய தேதியை வைத்து அல்ல. இரண்டு, நீதிமன்ற அறிவிப்பு: வெளிநாட்டு ஆணையைக் கொடுத்து, இது இங்கே செல்லும் என்று தீர்ப்பு வாங்குவது. மூன்று, இங்கேயே புதிதாகத் தத்தெடுப்பது. சுற்றுவழிதான், ஆனால் மற்ற இரண்டும் அடைபட்டிருந்தால் இதுவே பத்திரமான வழி.

நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி பார்ப்பது என்ன என்று முன்கூட்டியே தெரிந்தால் தாள்களைச் சேர்ப்பது எளிது. ஆணை போட்ட அமைப்புக்கு அந்த அதிகாரம் இருந்ததா? மேல்முறையீட்டுக் காலம் முடிந்து ஆணை இறுதியாகிவிட்டதா? பெற்றவர்கள் புரிந்துகொண்டு, பணம் வாங்காமல் சம்மதித்தார்களா? குழந்தைக்கு விவரம் தெரியும் வயது என்றால் அதனிடம் கேட்டார்களா? உண்மையிலேயே பெற்றோராக வளர்க்கத்தான் எடுத்தார்களா, விசாவுக்காகவா? கடைசிக் கேள்வி பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக வரும். சேர்ந்து வாழ்ந்ததற்கான பள்ளிச் சான்று, மருத்துவப் பதிவு, படங்கள் அப்போது பேசும்.

மறுத்துவிட்டார்கள் என்றால் அதோடு முடிந்ததா? இல்லை. லக்சம்பர்க்கைச் சேர்ந்த திருமணமாகாத பெண் ஒருவர் பெரு நாட்டில் ஒரு சிறுமியை முழுத் தத்தாக எடுத்தார். தம்பதிக்கு மட்டுமே முழுத் தத்து என்று அவர் நாட்டு நீதிமன்றங்கள் அங்கீகாரத்தை மறுத்தன. 2007 ஜூன் 28 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், உண்மையில் வாழ்ந்துகொண்டிருக்கும் குடும்பத்தைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விட முடியாது என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பாவில் வழக்கு நடத்துபவர்களின் வக்கீலுக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்கும்; தெரியாவிட்டால் வக்கீலை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

முழுத் தத்தா, எளிய தத்தா, கஃபாலாவா?

முழுத் தத்தில் பழைய உறவு சட்டப்படி அறுந்து, புதிய உறவு மட்டும் நிற்கும். பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற நாடுகளில் எளிய தத்து என்று இன்னொன்றும் உண்டு: புதிய பெற்றோர் வருவார்கள், பழைய குடும்பத்துடனான சட்டத் தொடர்பும் இருக்கும். எளிய தத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு நாட்டில் குடியுரிமையோ சொத்துரிமையோ கேட்டால் இடிக்கலாம். உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவில் அதை முழுத் தத்தாக மாற்ற வழி இருக்கிறது. குழந்தை வந்து சேரும் நாட்டுச் சட்டம் அனுமதிக்க வேண்டும், பெற்றவர்கள் அந்த மாற்றத்துக்கென்றே சம்மதம் தந்திருக்க வேண்டும். சாதாரணத் தத்துக்குத் தந்த சம்மதம் இதற்குப் போதாது. ஆகவே சம்மதக் கடிதம் எழுதும்போதே இந்த வார்த்தைகளைச் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

மொராக்கோ, அல்ஜீரியா போன்ற நாடுகளில் தத்து என்ற ஏற்பாட்டையே சட்டம் ஏற்பதில்லை. அதற்குப் பதில் கஃபாலா: குழந்தையை வளர்க்கும் பொறுப்பு உண்டு, வம்ச உறவும் வாரிசுரிமையும் கிடையாது. இதைத் தத்து ஆணையாக எந்த அலுவலகத்திலும் காட்டாதீர்கள். காப்பாளர் உரிமையாக ஏற்கச் சொல்லிக் கேட்கலாம்; அதற்கு 1996-ஆம் ஆண்டின் ஹேக் குழந்தைகள் பாதுகாப்பு உடன்படிக்கை கைகொடுக்கும், அதில் கஃபாலா பெயர் சொல்லியே இருக்கிறது. அதைத் தத்தாக மாற்ற பிரான்ஸ் மறுத்த வழக்கில், 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்ஸ் செய்தது உரிமை மீறல் இல்லை என்றது.

ஐந்தாம் படி: குடியுரிமையைத் தள்ளிப் போடாதீர்கள்

பள்ளியில் சேர்த்தாயிற்று, மருத்துவ அட்டை வந்தாயிற்று, இனி எதற்கு அவசரம் என்று விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். அமெரிக்காவில் இதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2000-ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்களில், பெற்றோர் தாள் வேலையை முடிக்காமல் விட்டவர்கள் பலர், கைக்குழந்தையாக வந்து அங்கேயே வளர்ந்திருந்தும் குடிமக்கள் இல்லை. சிலரை நாடு கடத்தியும் இருக்கிறார்கள்.

இன்றும் அங்கே விசா வகையைப் பொறுத்துத்தான் பலன். வெளிநாட்டிலேயே தத்து முடிந்து ஐஆர்-3 அல்லது ஐஹெச்-3 விசாவில் பதினெட்டுக்கு முன் வந்த குழந்தை, குடிமகனான பெற்றோருடன் வாழ வந்தால், உள்ளே நுழையும்போதே குடியுரிமை பெறும். ஐஆர்-4, ஐஹெச்-4 என்றால் அங்கே வந்து தத்தை முடித்த பிறகுதான். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் எந்த எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கனடாவில் இரண்டு பாதை: விசா வாங்கி நிரந்தர வசிப்பாளராக அழைத்து வருவது, அல்லது 2007 டிசம்பர் முதல் இருக்கும் நேரடிக் குடியுரிமை விண்ணப்பம். தத்து அங்கே மாகாணங்களின் விஷயம் என்பதால், நீங்கள் வசிக்கும் மாகாணத்தின் கடிதமும் தேவைப்படும்.

இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் தத்தெடுத்த குழந்தையிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால், இந்தியா வர விசா வேண்டும். இந்தியத் தூதரகம் தாள்களைச் சரிபார்த்துத் தரும். குடியுரிமை அதற்குப் பிந்தைய தனி விண்ணப்பம்.

ஆறாம் படி: உள்ளூர்ப் பதிவு

இது சின்ன வேலை, ஆனால் செய்துவிடுங்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வெளிநாட்டு ஆணையை உள்ளூர் நீதிமன்றத்தில் பதிந்தோ, மறுதத்து எடுத்தோ உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். பிரான்ஸில் முழுத் தத்து என்றால், நாந்த் நகரில் உள்ள அரசு வழக்கறிஞருக்கு எழுதினால் அங்குள்ள மையப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு ஆணை, மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் என்று ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போவதற்குப் பதில் ஒரே தாள் போதும் என்ற நிலை வரும்.

உயில் எழுதும்போது குழந்தையின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். 'என் பிள்ளைகள்' என்று பொதுவாக விட்டால், சொத்து மூன்றாவது ஒரு நாட்டில் இருக்கும்போது, அந்த நாடு உங்கள் தத்தை ஏற்கிறதா என்ற கேள்வி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கிளம்புவதற்கு முன் வாங்க வேண்டியவை

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆணையின் சான்றிட்ட நகல், ஆணை இறுதியானது என்ற சான்று, பெற்றவர்களின் சம்மதக் கடிதம் அல்லது குழந்தை சட்டப்படி தத்துக்கு விடப்பட்டது என்ற முடிவு, பழைய பிறப்புச் சான்றிதழ், புதிய பிறப்புச் சான்றிதழ், 23-ஆம் பிரிவுச் சான்றிதழ், குழந்தை அறிக்கை. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நகல் சான்றோடு வாங்குங்கள். பழைய பிறப்புச் சான்றிதழை இனி வேண்டாம் என்று யாராவது சொன்னாலும் விட்டுவிட்டு வராதீர்கள்; புதியது மட்டும் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே குழந்தை என்பதை நிரூபிக்கத் தாள் இருக்காது. குழந்தையின் பூர்வீகத் தகவலை நாடுகள் பாதுகாக்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அமைப்புகள் மூடப்படுகின்றன, கோப்புகள் இடம் மாறுகின்றன. பிள்ளை வளர்ந்து கேட்கும்போது கொடுக்க உங்களிடம் ஒரு முழுக் கட்டு இருக்கட்டும். ஸ்கேன் செய்ததை வேறொரு இடத்திலும் வையுங்கள்.